தெரியாதவர்கள் இடது கை

ஷோபனா ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் ட்ரெயினிங் மிஸ்ஸாகக் காலடி எடுத்து வைத்தபோது ஆடிக் கிருத்திகை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் மொட்டை. மீதிப் பேரில் பாதி, திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களோடு கூத்தடித்த அசதியில் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார்கள். தன் ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது ஷோபனா பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்ட "வணக்கம் மாணவர்களே"யைத் தொடங்குவதற்குள் ஒரு கேள்வி முந்திக்கொண்டது.

"மிஸ், நீங்க பி.எட். மிஸ்ஸா, நெஜ மிஸ்ஸா?" என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் பெயர் பானுப்ரியா. திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் நெய்விளக்கும் கற்பூரமும் விற்கிற எல்லம்மாளின் மகள். குறும்புக்குக் கேட்ட கேள்வி இல்லை அது, தெரிந்துகொள்ளக் கேட்டது. எதையும் அவள் அப்படித்தான் கேட்பாள் என்று ஒரே வாரத்தில் ஷோபனாவுக்குப் புரிந்துபோயிற்று. மலைமேல் ஏறினால் சூரியன் கிட்டத்தானே வருகிறது, பிறகு ஏன் மேலே குளிருகிறது? கற்பூரம் எரிந்து முடிந்தால் சாம்பல்கூட மிஞ்சுவதில்லையே, அது எங்கே போகிறது? சிலதுக்கு ஷோபனா பதில் சொன்னாள். சிலதுக்கு "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் போனைத் தடவினாள். அந்தப் பெண்ணை அவளுக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஷோபனாவின் அப்பா கஜபதி, திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் ஷோபனாதான். திருத்தணியில் ஒரு தனியார் பள்ளி, பிராக்டிகலில் காலேஜிலேயே முதல் மார்க் வாங்குகிறவளுக்கு ஜூன் மாதம் வேலை என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. பிராக்டிகல் என்றால், வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் இவள் பாடம் எடுப்பதைப் பார்த்து மார்க் போடுவது. நாலு மாதப் பயிற்சியும் அந்த நாற்பது நிமிஷத்துக்குள் அடக்கம்.

அந்த நாற்பது நிமிஷத்துக்கென்று பி.எட். பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முந்தின வருஷம் நல்ல மார்க் வாங்கிய அக்காவின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அதிலிருக்கிற பாடத்தை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அந்த அக்கா அவளுக்கு முந்தின அக்காவைப் பார்த்து எழுதியிருப்பாள். ஷோபனா கைக்கு வந்த பாடம் ஆறு வருஷம் கைமாறியது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று கண்முன்னே காட்டுகிற சோதனை. தட்டில் கேசரி பவுடர் கலந்த தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவத்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். டம்ளரில் சம இடைவெளி விட்டு நாலு கோடு, ஆக மொத்தம் ஐந்து பங்கு. மெழுகுவத்தி அணையும், சிவப்புத் தண்ணீர் முதல் கோடு வரை ஏறும். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. பார்க்கிறவர்கள் கை தட்டாமல் என்ன செய்வார்கள்?

ரெக்கார்டில் ஏறிய தண்ணீர் ஷோபனா வீட்டில் ஏறவில்லை. ஒரு நாள் அரைக் கோடு. தடிமனான மெழுகுவத்தி வைத்தால் ஒன்றரைக் கோடு. டம்ளரைச் சட்டென்று கவிழ்த்தால் ஒரு கணக்கு, மெதுவாகக் கவிழ்த்தால் இன்னொரு கணக்கு.

"இன்னாம்மா, மூணு நாளா தட்டுல வெளக்கு வச்சிகினு கீற? எதுனா வேண்டுதலா?" என்று கஜபதி கேட்டார்.

"பாடம் நைனா. நீ தூங்கு."

நாலாம் நாள் ஒல்லி மெழுகுவத்தியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணிக் கவிழ்த்தபோது தண்ணீர் கச்சிதமாக முதல் கோட்டில் போய் நின்றது. அந்த அளவிலேயே ஆறு துண்டு வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஆக்சிஜன் ஒரே அளவுதானே, மெழுகுவத்தி மாறினால் தண்ணீர் ஏன் மாற வேண்டும் என்ற கேள்வி மனசில் எழாமல் இல்லை. எழுந்தது. மார்க் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்தாள்.

பள்ளியில் இவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அறிவியல் ஆசிரியர் வெங்கடேசன். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நாள் நெருங்கியதும் வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு அவரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்.

"டேய், கவனிங்க. மிஸ் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். ஒருத்தன் பாக்கி இருக்கக் கூடாது. பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. மிஸ் வலது கையப் பாத்துக் கேப்பாங்க. வெளங்குச்சா?"

"ஆங் சார்!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள்.

"கடைசி பெஞ்சிலிருந்து பாக்கறவங்களுக்கு எது வலது, எது இடதுன்னு தெரியவா போவுது?" என்று ஷோபனாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "நானும் இப்படித்தாம்மா பாஸ் பண்ணேன்."

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. அதே கேள்வி, அதே பதில். ஏழு பேருக்கு ஏழு பதில் பிரித்துக் கொடுத்தாயிற்று. பானுப்ரியாவுக்குத்தான் கடைசிப் பதில், கிரீடம் மாதிரியான பதில்: தண்ணீர் ஏன் ஏறியது?

பிராக்டிகலுக்கு முந்தின நாள் மதியம், சத்துணவு சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே பானுப்ரியா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மிஸ், நான் வூட்ல செஞ்சு பாத்தேன் மிஸ். ஊறுகா பாட்டில் வச்சி. எங்கம்மாவோட நெய்வெளக்கு."

"அப்படியா? வெரி குட்."

"ஒரு வெளக்கு வச்சா கொஞ்சம் ஏறுது. மூணு வெளக்கு வச்சா ரொம்ப ஏறுது மிஸ். பாட்டில் அதேதான். அதுல இருக்கற காத்தும் அவ்ளோதான?" அவள் கண்ணை அகலமாக விரித்தாள். "அப்புறம் மிஸ், எரியறப்ப தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச பின்னாடிதான் குபுக்குனு ஏறுது. கவுக்கறப்ப பாட்டிலுக்கு அடியில குமிழி குமிழியா காத்து வெளிய போவுது, நான் பாத்தேன். சூட்டுக்குப் பொங்கி வெளிய போயிடுச்சி, ஆறின பின்னாடி அந்த எடத்துக்குத் தண்ணி வருது. ஆக்சிஜனால இல்ல மிஸ்."

ஷோபனாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று நாள் தட்டோடு மல்லுக்கட்டியும் அவள் பார்க்க மறுத்ததை, பன்னிரண்டு வயசுப் பெண் ஊறுகாய் பாட்டிலில் பார்த்துவிட்டாள். அந்த இடத்தில் அவளைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். ஷோபனாவுக்கு அதுவும் தெரியும். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது நாளை காலை, கடைசி பெஞ்ச், மார்க் தாள்.

"பானு, இதை நாளைக்குச் சொல்லாத. நோட்டுல இருக்கறதத்தான் சொல்லணும்."

"நோட்டுல இருக்கறது தப்பு மிஸ்."

"தப்போ ரைட்டோ, நாளைக்கு ஒரு நாள்."

பானுப்ரியா யோசித்தாள். "எனக்குப் பொய் சொன்னா வாய் கொளறும் மிஸ்," என்றாள். மிரட்டலோ பெருமையோ இல்லை அதில், உள்ளதைச் சொன்னாள்.

ஷோபனாவுக்குப் பயம் வந்துவிட்டது. "அப்ப உன் பதில வேற யாருக்காவது குடுத்துடறேன். நீ நாளைக்கு இடது கையத் தூக்கு."

"எனக்குத் தெரியுமே மிஸ்?"

"சொன்னதச் செய். இடது கை."

மறுநாள் வந்தவர் அனுராதா மேடம். கண்டிப்பானவர் என்று பெயர். பாடம் எண்ணெய் விட்ட சக்கரம் மாதிரி ஓடியது. ஒன்று இரண்டு என்று எண்ணி ஷோபனா டம்ளரைக் கவிழ்த்தாள். மெழுகுவத்தி அணைந்தது, சிவப்புத் தண்ணீர் முதல் கோட்டில் போய் நின்றது. கேள்விக்குக் கேள்வி நாற்பது கைகள் உயர்ந்தன. மேடம் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. வந்த உற்சாகத்தில் அவர் எழுந்து முன்னால் வந்தார். இது ஒத்திகையில் இல்லை.

"தண்ணி ஏன் மேல ஏறுச்சு? நானே கேக்கறேன். நீ சொல்லும்மா, மூணாவது பெஞ்ச்."

பானுப்ரியா எழுந்தாள். தூக்கிய இடது கை தூக்கியபடியே இருந்தது. அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, ஷோபனாவைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று அந்தக் கண் கேட்டது. ஷோபனா தலையை அசைத்தாள். ரொம்பச் சின்ன அசைவுதான், மேடத்துக்குத் தெரியாத அளவு. வேண்டாம்.

"தெரியாதுங்க மேடம்," என்றாள் பானுப்ரியா.

"தெரியாதா? அப்புறம் எதுக்குக் கைய தூக்கினே?"

வகுப்பு சிரித்தது. கைவிதி தெரிந்த பிள்ளைகள்தான், ஆனாலும் சிரித்தார்கள். மேடத்தின் நெற்றி சுருங்கியது. அவர் பார்வை மற்றக் கைகளின் பக்கம் போவதை ஷோபனா கண்டாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அவ கொஞ்சம் மெல்லக் கற்கற பொண்ணு மேடம். பங்கெடுத்துக்கணும்னு நான்தான் கை தூக்கப் பழக்கியிருக்கேன்."

நெற்றி விரிந்தது. "ஓ! வெரி குட். உங்க தனியாள் ஆய்வு யாரப் பத்தி? இவளத்தானே?"

தனியாள் ஆய்வு என்றால், பின்தங்கிய ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளைக்கு என்ன குறை, அதற்கு என்ன செய்தோம் என்று இருபது பக்கம் எழுதித் தருவது. ஷோபனா அதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"ஆமா மேடம். இவதான்."

பானுப்ரியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில்தான் விழுந்தது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். கால் இல்லாவிட்டால் என்ன, எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் நடக்கும். இருபது பக்கம் எழுதினாள் ஷோபனா. 'மாணவி கேள்விகளைப் புரிந்துகொள்ளத் தாமதிக்கிறாள். தொடர்பற்ற வினாக்கள் கேட்கிறாள்.' கற்பூரம் எங்கே போகிறது என்பதைத்தான் தொடர்பற்ற வினா என்று எழுதினாள். பெற்றோரைச் சந்தித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால், ஒரு சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் போனாள்.

எல்லம்மாள் திரி திரித்துக்கொண்டிருந்தாள். மிஸ் என்றதும் முந்தானையை உதறி எழுந்தாள். ஷோபனா நோட்டை நீட்டி, எதற்குக் கையெழுத்து என்று சொன்னாள்.

"எம் பொண்ணு மந்தமுங்களா மிஸ்? எனக்கு அப்படித் தெரியலியே. கேள்வி கேட்டே கொன்னுடுவா."

அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. 'இல்லம்மா, அவ எங்க எல்லாரையும் விடக் கெட்டிக்காரி' என்று சொல்லி, அந்த நோட்டை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். ஷோபனா சொன்னது வேறு.

"கொஞ்சம் கவனம் வேணும்மா. நான் பாத்துக்கறேன்."

"நல்லாருக்கணும் நீங்க. யாரு இவ்ளோ அக்கறையா வூடு தேடி வராங்க?" எல்லம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். "முன்னல்லாம் பாட்டிலும் தட்டும் வச்சிகினு எதையாவது பண்ணிகினே இருப்பா. நெய்ய வீணாக்கறியேடின்னு ரெண்டு போடுவேன். இப்ப பத்து நாளா ஒண்ணும் கிடையாது. நல்ல புள்ளயா ஆயிட்டா. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

காசு வேண்டாம் என்று சொல்லி ஒரு நெய்விளக்கைக் கையில் திணித்தாள். "மேல போயி எம் பொண்ணு பேருல ஏத்திட்டுப் போங்க மிஸ்."

ஷோபனா படியேறவில்லை. எந்த முகத்தோடு ஏறுவாள்? பஸ்ஸில் வரும்போது பைக்குள் நெய் கசிந்து ரெக்கார்டு அட்டையில் ஊறியது. பவுடர் போட்டுத் துடைத்தும் கறை போகவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மார்க் தெரிந்தது. காலேஜிலேயே அவள்தான் முதல். கஜபதி தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் வகுப்புக்குப் போனபோது பானுப்ரியா மூன்றாவது பெஞ்சில் இல்லை. முன்னால், சுவர் ஓரம், மெல்லக் கற்போருக்கென்று போட்ட பெஞ்சில் இருந்தாள். அவர்களுக்கு மெல்லிசாகத் தனி நோட்டு, ஒரு மார்க் கேள்வி மட்டும்.

ஷோபனா ஆசிரியர் அறைக்கு ஓடினாள். "சார், பானுப்ரியா பேர அந்த லிஸ்ட்டுல எதுக்கு சார் போட்டீங்க?"

"நீங்கதானம்மா இருபது பக்கம் எழுதிக் குடுத்திருக்கீங்க?" வெங்கடேசன் சாருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எனக்கும் அவ சூட்டிகையான பொண்ணுன்னுதான் நெனப்பு. ஆனா பக்கத்துல உக்காந்து ஆராய்ச்சி பண்ணது நீங்க. அந்த மேடமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அது தப்பா எழுதிட்டேன் சார். எடுத்துடுங்க சார்."

"லிஸ்ட்டு மேல போயிடுச்சேம்மா. தப்புன்னா நீங்க அப்படின்னு எழுதிக் குடுங்க, நான் அனுப்பறேன்." அவர் ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் தள்ளினார்.

ஷோபனா பேனாவைத் திறந்தாள். தப்பு என்று எழுதினால் ஆய்வு போகும், ஆய்வு போனால் மார்க் போகும், மார்க் போனால் ஜூன் போகும். நைனா வாங்கிக் கொடுத்த மிட்டாய் இன்னும் தெருப் பிள்ளைகள் வாயில் கரைந்துகொண்டிருக்கிறது. பேனாவை மூடினாள். "அப்புறம் எழுதறேன் சார்," என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. இதற்கு மேல் அவளைத் திட்ட ஒன்றுமில்லை, அவளே தன்னை வேண்டிய மட்டும் திட்டிக்கொண்டாள். திட்டிக்கொள்வதற்குச் செலவு கிடையாது அல்லவா?

கடைசி நாள் அவள் மூன்று மெழுகுவத்தி கொண்டு வந்தாள், வெட்டாத குட்டை மெழுகுவத்தி. தாளில் எழுத முடியாததை வகுப்பிலாவது சொல்லிவிடலாம் என்று ஒரு ஏற்பாடு. செய்த பாவத்துக்குப் பாதிப் பரிகாரம்.

"பிள்ளைங்களா, அன்னிக்கு மிஸ் சொல்லிக் குடுத்தது தப்பு. இப்பப் பாருங்க."

மூன்றையும் ஏற்றி டம்ளரை மெதுவாகக் கவிழ்த்தாள். விளிம்படியில் குமிழிகள் கிளம்பின. சுவர் ஓர பெஞ்சில் பானுப்ரியா தன்னை அறியாமல் முன்னால் குனிந்தாள். உதடு அசைந்தது, குமிழிகளை எண்ணுகிறாள். சுடர்கள் அணைந்தன. தண்ணீர் குபுக்கென்று முதல் கோட்டைத் தாண்டி, இரண்டாவது கோட்டையும் தாண்டி நின்றது. வகுப்பு ஹோ என்று கத்தியது. பானுப்ரியா சட்டென்று பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"டம்ளர் அதேதான், காத்தும் அதேதான். அப்புறம் ஏன் தண்ணி கூட ஏறுச்சு?"

பழகிய பழக்கம் விடுமா, நாற்பது கைகள் உயர்ந்தன. ஷோபனா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். எல்லாம் இடது கை. சுவர் ஓரத்துக் கையும் இடது கை.

"பானு, நீ சொல்லும்மா."

பானுப்ரியா எழுந்தாள். "தெரியாதுங்க மிஸ்."

"நீதானம்மா எங்கிட்ட சொன்ன? ஊறுகா பாட்டில், நெய்வெளக்கு... நீ சொன்னதுதான் சரி பானு. மிஸ்தான் தப்பு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பானுப்ரியா பதறிப்போய் அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஷோபனாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தன்னை மாட்டிவிடுகிறார்களே என்ற கலக்கம்தான் இருந்தது.

"நான் சும்மா வெளையாட்டுக்குப் பண்ணேங்க மிஸ். எனக்கு அதெல்லாம் வராதுங்க. நான் மெல்லக் கற்போருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் இடது கை இன்னும் மேலேயே இருந்தது, இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

"கைய எறக்கிக்கோம்மா," என்றாள் ஷோபனா.

பானுப்ரியா உடனே இறக்கினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.